கண்மாய்க் கணக்கு யார் கையில்?



சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் கண்மாய் சம்பந்தமாக ஒரு கூட்டம் நடந்தது. மடை உடைந்து கிடக்கிறது, வரத்துக்கால் தூர்ந்து போயிருக்கிறது, என்ன செய்யலாம் என்று பேச்சு. நானும் எங்கள் குழு பெண்கள் நாலு பேரும் போயிருந்தோம். "மீன் குத்தகைப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது?" என்று நான் கேட்டேன். ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஒனக்கு ஆயக்கட்டுல பட்டா இருக்காம்மா?" என்றார். எனக்குப் பட்டா இல்லை. நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தக் கரையில நான் கொட்டுன மண்ணுக்குப் பட்டா யாரு குடுத்தா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விதை. நம்முடைய கூட்டமைப்பு மலரில் வரலாறு எழுதச் சொன்னபோது, எனக்குத் தெரிந்த கண்மாய் வரலாற்றையே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

மழையை நம்பின பூமி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊர்ப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். குளம், ஏந்தல், ஊரணி என்று முடிகிற ஊர்கள் எத்தனை! நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வைகை வரும், ஆனால் எப்போதும் வராது. அதுவும் மேலே உள்ள ஊர்களுக்கெல்லாம் போக, மிச்சம் இருந்தால்தான் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும். மழையும் ஆண்டு முழுக்கப் பெய்வதில்லை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டின மூன்று மாதத்தில் கொட்டி முடிந்துவிடும். அந்த மூன்று மாதத் தண்ணீரை வைத்து மற்ற ஒன்பது மாதத்தை ஓட்டவேண்டும். அதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த வழிதான் கண்மாய்.

இது இன்றைக்கு நேற்று வந்த யோசனை இல்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் என்ற புலவர், பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லி அறிவுரை கூறுகிறார். போரில் வென்ற அரசனிடம் போய், நிலையான பேர் வேண்டுமானால் நிலம் தாழ்ந்த இடமெல்லாம் நீரைத் தேக்கு என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்தானே.

கண்மாய் தனியாக இருப்பதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மேலூர்க் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகத் தண்ணீர் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. சங்கிலி மாதிரி. ஒரு ஊர்க்காரர் கலுங்கை உயர்த்தி அடைத்துவிட்டால் கீழூர் காயும். கரையைக் கவனிக்காமல் விட்டால் கீழூர் மூழ்கும். அதனால்தான் கண்மாய் ஒருவருடைய சொத்தாக இருக்கவே முடியாது. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் இருக்கின்றன.

கல்வெட்டில் இருக்கும் குழு விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம்.

அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. பதவி ஒரு வருடம்தான். முன்னால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது. அடுத்தவர் பொருளைத் திருடினவருக்கும் இடம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய குழுக்கூட்டம்தான் ஞாபகம் வந்தது. பதவி சுழற்சி, வரவு செலவைக் கூட்டத்தில் வாசிப்பது, கணக்கு வைக்காதவருக்குப் பொறுப்புக் கொடுக்காதது: இதெல்லாம் வங்கியும் அரசும் நமக்குச் சொல்லிக்கொடுத்த புதுப் பாடம் என்று நினைத்தோம். 1,100 வருடத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல்வெட்டை முழுசாகப் படிக்கவேண்டும். பெயர் ஓலையில் வர என்ன தகுதி? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்கவேண்டும். வேதம் தெரிந்திருக்கவேண்டும். அது பிராமணர்களின் சபை. வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. "ஒனக்குப் பட்டா இருக்காம்மா?" என்ற கேள்வி எவ்வளவு பழசு என்று அப்போதுதான் புரிந்தது.

குடிமராமத்தும் நீர்பாய்ச்சியும்

நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் குடிமராமத்து என்பது ஊர்க்காரர்களே கூடிச் செய்கிற பராமரிப்பு. மழைக்கு முன்னால் வரத்துக்காலைச் சுத்தம் செய்வது, கரையில் எலிப்பொந்து அடைப்பது, மடையில் சேர்ந்த மண்ணை அள்ளுவது, உள்வாயில் வண்டல் எடுப்பது. நிலத்துக்குத் தக்கபடி வீட்டுக்கு இத்தனை ஆள் வரவேண்டும் என்று கணக்கு உண்டு. அள்ளின கரம்பை மண் வயலுக்கு உரம். அதில் கொஞ்சம் வீட்டுக்கும் வரும். வெள்ளிக்கிழமை அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தவர் நீர்பாய்ச்சி. சில ஊரில் நீர்க்கட்டி என்பார்கள். மழை கொட்டும் ராத்திரியில் கரையில் நடந்து காவல் காத்ததும் அவர்தான். சம்பளம் அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்துக் குடும்பங்கள். ஊரே தண்ணீருக்கு அவர்கள் கையை எதிர்பார்த்தது. ஆனால் பல ஊர்களில் ஊர் ஊரணியில் அவர்கள் வீட்டுப் பெண்கள் குடம் முக்கமுடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

வெள்ளைக்காரர் காலத்தில் நிலைமை மாறியது. 1803-ல் ராமநாதபுரம் சீமை ஜமீன் ஆனது. கும்பினிக்குக் கட்டவேண்டிய தொகையைக் கட்டுவதே ஜமீனுக்குப் பெரிய வேலை. வரி வாங்க ஆள் வந்தது, கரையைப் பார்க்க ஆள் குறைந்தது. குடிமராமத்துக்கு ஜனங்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டமே போட்டார்கள். மனசோடு செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அதற்குள் ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவே எவ்வளவு விரிசல் விழுந்திருக்கும்! 1876 முதல் 1878 வரை வந்த தாது வருடப் பஞ்சத்தில் மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். எங்கள் பாட்டி காலம் வரைக்கும் தாது வருடம் என்றாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஊரணிக்கரைச் சட்டம்

கண்மாய் ஆண்களின் பேச்சு என்றால், ஊரணி நம்முடைய பேச்சு. குடிக்கிற தண்ணீருக்கென்று தனியாக வெட்டி வைத்தது ஊரணி. அதற்கு எழுதாத சட்டம் நிறைய இருந்தது. செருப்போடு இறங்கக்கூடாது. துணி துவைக்கக்கூடாது, மாடு குளிப்பாட்டக்கூடாது. அதற்கு வேறு குளம். கலங்கல் தண்ணீர் வந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைத்தால் மண் கீழே படிந்துவிடும். கோடையில் ஊரணி வற்றினால் நடுவில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். ஒரு குடம் ஊற இத்தனை நேரம் என்று கணக்குப் போட்டு, ராத்திரியெல்லாம் முறைவைத்து உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்தான்.

அந்த முறை எப்படி நடந்தது? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் முன்னால் விடுவோம். சண்டையும் வரும், சமாதானமும் நடக்கும். தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிற வேலையை எந்த வாரியமும் சொல்லித்தராமலே நாம் செய்திருக்கிறோம்.

அந்த வரிசையில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? இல்லை. 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுக்கிணறு, குளம், சாலை எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஆனால் தீர்மானம் ஊரணிக்கரைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. இன்றைக்கும் ஒரு ஊரில் இரண்டு ஊரணி ஏன் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் நாம் உண்மையைச் சொல்லவேண்டும். நம் கூட்டமைப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்காருகிறோம். அந்த ஒரு காரியம் எங்கள் பாட்டிமார் பார்த்திராதது.

குழாய் வந்தது, கண்மாய் மறந்தது

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கண்மாய்கள் அரசுக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. கரை உடைந்தால் மனுக் கொடுக்கவேண்டும் என்று ஆனது. நீர்பாய்ச்சிக்குக் களத்து நெல் கொடுப்பதும் மெல்ல மெல்ல நின்றது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அதில் தப்பில்லை, கௌரவம் இல்லாத வேலையை எத்தனை தலைமுறை சுமப்பது?

கிணறு, மோட்டார், பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தன. வசதி உள்ளவருக்கு நிலத்தடித் தண்ணீர் கிடைத்தது, கண்மாய் மேல் இருந்த அக்கறை குறைந்தது. ஆனால் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும் என்பதை மோட்டார் போட்டவரும் மறந்தார். இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்த மரம். உள்வாய் முழுக்க அடைத்துக்கொண்டது. அது இல்லாமல் நம் வீட்டு அடுப்பு எரியவில்லை, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு. அதனால் அந்த மரத்தைத் திட்டி மட்டும் பயனில்லை. உள்வாயில் வெட்டினால் விறகுக்கும் கூலிக்கும் வேறு வழி என்ன என்றும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊரணி கைவிடப்பட்டது. குழாய் வந்தது நமக்குப் பெரிய விடுதலை. யாரும் மறுக்கமாட்டோம். ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் வெகுதூரத்து ஆற்றில் இருந்து வருகிறது. அங்கே குறைந்தாலோ, நடுவில் குழாய் உடைந்தாலோ, நாலு நாள், எட்டு நாள் வராது. அப்போது நம் கால் தன்னாலே ஊரணிப் பக்கம் போகிறது. போய்ப் பார்த்தால் அங்கே குப்பை.

1960-களில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டேர் நிலம் ஏரி, கண்மாய்ப் பாசனத்தில் விளைந்தது. பிறகு அது பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது.

மழை மாறிப்போச்சு

"முன்ன மாதிரி மழை இல்ல" என்று நாம் பேசிக்கொள்வது வெறும் பேச்சில்லை. இரண்டு வருடங்களை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

2016. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. நூறு வருடத்துக்கு மேல் அப்படி ஒரு குறைவு இல்லை என்றார்கள். 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. குழுவில் கடன் வாங்கிய எத்தனையோ பேர் தவணை கட்டமுடியாமல் தவித்தது அந்த வருடம்தான். மாட்டை விற்றோம், கம்மலை அடகு வைத்தோம்.

2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடம் முழுக்கப் பெய்யவேண்டியதைவிட அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ குளங்கள் உடைந்தன. மேலே ஒன்று உடைந்தால் அந்த வெள்ளம் கீழே உள்ளதையும் உடைத்துக்கொண்டு போகும். சங்கிலி என்று சொன்னேனே, நன்மைக்கு மட்டுமில்லை, கேட்டுக்கும் அது சங்கிலிதான்.

ஏன் இப்படி? கடலும் காற்றும் சூடாகின்றன. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யாத நாள் நீள்கிறது, பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. தண்ணீர் வருகிற நாள் குறையக் குறைய, அதைப் பிடித்து வைக்கும் பாத்திரம் முக்கியம். தூர்ந்த கண்மாய் வறட்சியில் சீக்கிரம் வற்றும், வெள்ளத்தில் சீக்கிரம் உடையும். ஆழமான உள்வாய், பலமான கரை, அடைப்பில்லாத கலுங்கு இருந்தால் இரண்டுக்கும் அதுவே மருந்து.

மண் சுமந்தது யார், முடிவு எடுத்தது யார்?

இப்போது நம் கதைக்கு வருவோம். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அந்த 100 நாள் வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். கண்மாய், ஊரணி, வரத்துக்கால் தூர்வாரியது யார் என்று இனி யாரும் கேட்கவேண்டியதில்லை. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் முடிவு எடுக்கிற இடத்தில்? தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-ல் வந்தது. அதன்படி அமைகிற பாசன சங்கத்தில் உறுப்பினர் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். நிலமில்லாத குடும்பத்துக்கு ஆணும் பெண்ணும் இரண்டு பேருமே வெளியே. உத்திரமேரூர் குடத்தில் எந்த ஓலை இல்லையோ, அதே ஓலை இங்கேயும் இல்லை.

ஆனாலும் இந்தக் காலத்தில் நமக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. 1989-ல் தர்மபுரியில் முதன்முதலாக அரசு முயற்சியில் சுயஉதவிக் குழுக்கள் உருவாயின. அன்றைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் இன்றைக்கு லட்சக்கணக்கில் வங்கிக்கடனுக்குக் கணக்கு எழுதுகிறோம். உள்ளாட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்து, 2019 தேர்தலில் நடைமுறைக்கும் வந்தது. கிராமசபையில் பேசப் பட்டா தேவையில்லை; வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். இப்போது கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கண்மாயைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல நாள் உண்டா?

அந்த நாளில் ஒவ்வொரு ஊர்க் குழுவும் கேட்கவேண்டியது என்று நான் நினைப்பவை இவை.

ஒன்று: கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் நம் கண்மாய், ஊரணி, வரத்துக்கால் எவ்வளவு பரப்பு? நேரில் எவ்வளவு இருக்கிறது? குறைந்திருந்தால், ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது.

இரண்டு: மீன் குத்தகை, கருவேல மர ஏலம் மூலம் வந்த பணம் எவ்வளவு? கண்மாய்க்கு அதில் எவ்வளவு செலவானது?

மூன்று: புரட்டாசிக்குள் கலுங்கும் மடையும் பார்த்தாயிற்றா? பெருமழை ராத்திரியில் கரையைப் பார்ப்பது யார் முறை? அவருக்கு என்ன கூலி?

நான்கு: ஊரணி எல்லாத் தெருவுக்கும் பொதுவாக, சுத்தமாக இருக்கிறதா?

கேட்பதோடு விடாமல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதினதை வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு அது புது வேலை இல்லை. வாராவாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சேமிப்பை ஒரு பைசா விடாமல் எழுதுகிற கை, ஒரு கண்மாய்க் கணக்கையும் எழுதும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் ஒரு தடவை கிராமசபைக்குப் போனேன். தனியாகப் போகவில்லை, எட்டுக் குழுவில் இருந்தும் பெண்கள் வந்தார்கள். மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். இந்தத் தடவை பட்டா இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கணக்கு முழுசாக வந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கினோம். முதல் கையெழுத்து என் மாமியாருடையது. அவர் இன்னும் கைநாட்டுத்தான். ஆனால் அந்த ரேகைக்குள் நாற்பது வருடக் கரைமண் இருக்கிறது.

அடுத்த மார்ச் 22-க்கு நாங்கள் போவோம். நீங்களும் உங்கள் ஊரில் போங்கள்.